போன் சொன்ன கரிசலாங்கண்ணி

அன்பு மகன் கதிருக்கு,

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் போனை வாங்கி அந்தச் செடி கண்டுபிடிக்கும் ஆப்பை நீ போட்டுக் கொடுத்த அன்று, சோபாவில் சாய்ந்தபடியே, "தம்பி, மண்ணுல கால் வைக்காத ஒண்ணு செடிக்குப் பேர் சொன்னா, அது ஒரு நாள் யாரையாவது ஆஸ்பத்திரியில படுக்க வைக்கும்" என்றேன். உன் அம்மா சாட்சி. அவளைக் கேட்டால் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, "இதுல கிரிக்கெட் ஸ்கோரும் வருமா" என்றுதான் கேட்டேன் என்பாள். அவளுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் குறைந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ சிட்னிக்கு விமானம் ஏறுகிறாய். ஹாலில் உன் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். நேரில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஐந்து நிமிடத்தில் பேச்சு என் பழைய சரக்குக் கிடங்குக்குப் போய்விடும், அங்கே நான் மூன்று பேரைக் காப்பாற்றியிருப்பேன், நீ "சரிப்பா" என்று எழுந்து போய்விடுவாய். எழுத்தில் அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. செகண்டரி டூவுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதன் ஒரு பிரதியை நம் வட்டாரச் சங்கத்தின் மலருக்கும் கொடுக்கப்போகிறேன். "மகனுக்கு எழுதுறத ஊர் எதுக்குப் படிக்கணும்?" என்றாள் உன் அம்மா. ஊரிடமும் நான் பேசியிருக்கிறேனே, அதனால்தான்.

செடி விஷயத்தில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இருபத்தேழு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ஐரோப்பாவுக்குப் போகும் ஆர்க்கிட் பூக்கள் பெட்டி பெட்டியாக என் கை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு பெட்டியிலும் பூவின் பெயரை லத்தீனில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, பெட்டியை மோந்தாலே உள்ளே என்ன பூ என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் ஒரு பெட்டியை மோந்து, "இதுல பூ இல்ல" என்றேன். திறந்தார்கள். உள்ளே மீன்! சுங்க அதிகாரி ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். நீ இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாய். மீன் வாடை கிடங்கு முழுக்க அடித்தது, குலுக்கியது அதிகாரி இல்லை, எங்கள் சூப்பர்வைசர் தோளைத் தட்டி "போய் வேலையப் பாரு லா" என்றார் என்பதை மட்டும் இன்று சேர்த்துக்கொள். மற்றபடி அது நடந்த கதை.

நீ பிரைமரி த்ரீ படிக்கும்போது உன்னைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. வழியில் நீ ஒவ்வொரு செடியாகக் காட்டி "இது என்னப்பா, இது என்னப்பா" என்று கேட்பாய். தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. வேலியில் ஊதாப் பூப் பூத்த கொடி ஒன்று இருந்தது. காலை எட்டு மணிக்குள் மலரும் என்பதால் "எட்டுமணிக்கொடி" என்றேன். அந்த நிமிடத்தில் நானே வைத்த பெயர். நீ வகுப்பில் போய் அதைச் சொல்ல, டீச்சர் அப்படி ஒரு பெயரே இல்லை என்றிருக்கிறார். நீ உட்காரவில்லையாம். "எங்கப்பா ஏர்போர்ட்ல வேலை செய்றாங்க, அவங்களுக்குத் தெரியும்" என்று நின்றுகொண்டே இருந்தாயாம். டீச்சர் போனில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். காப்பிக்கடையில் போய், என் மகனின் துணிச்சலைப் பார் என்று பெருமையாகச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையை நாற்பது பேர் நடுவில் தனியாக நிற்க வைத்தது நான் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. டீச்சரிடம் போய், அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளாக நாளாகச் சொல்வது கஷ்டமாகும் கதிர். இது அப்பா உனக்குச் சொல்லும் முதல் புத்தி. தவறு சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிடு.

வேலையை விட்டு நின்றபின் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவோர் போவோரை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் நீ அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய். படம் எடு, பெயர் வரும். எனக்கு அது பிடித்துப் போயிற்று. அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன். பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து நம் அடுக்குமாடி புளோக் வரைக்கும் ஒரு புல்லை விடவில்லை. தேக்கா மார்க்கெட்டில் கீரைக்கடை முன்னால் நின்று ஒவ்வொரு கட்டாகப் படம் எடுத்தேன். கடைக்காரம்மா செல்வி, "அண்ணே, வாங்கறீங்களா இல்ல கல்யாண ஆல்பம் போடறீங்களா?" என்று கேட்டாள். பல் டாக்டர் கிளினிக்கில் மூலையில் இருந்த செடியை எடுத்தேன். போன் உடனே ஒரு பெயர் சொன்னது. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். எனக்கு அன்றுதான் அதன் மேல் பாசமே வந்தது. தெரியாது என்று சொல்லாத இன்னொரு பிறவியை அதுவரை நான் பார்த்ததில்லை. நீ அப்போதே எச்சரித்தாய். "அப்பா, சும்மா பேர் தெரிஞ்சுக்கத்தான். இத நம்பி எதையும் பறிக்காதீங்க, சாப்பிடாதீங்க" என்றாய். நீ சொன்னாய். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி அது நடந்த ஞாயிற்றுக்கிழமை. தை மாதம் உனக்கும் தர்ஷினிக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது, அரசாங்க ஃபிளாட்டுக்கு வரிசை நம்பர்கூடக் கிடைத்துவிட்டது. மண்டபம் பற்றிப் பேசக் காத்தோங்கிலிருந்து தர்ஷினியின் அப்பா சாமிநாதனும் அம்மாவும் அவளும் வந்தார்கள். சாப்பாடு ஆனதும் நீ அம்மாக்கள் இருவரோடும் மண்டபப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சம்பந்தியைக் காலாற நடக்கலாம் என்று கீழே அழைத்துப் போனேன். தர்ஷினியும் கூட வந்தாள். சாமிநாதன் எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்குத் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் பிரிப்பார். வங்கியில் முப்பது வருஷம் கையெழுத்தைச் சரிபார்த்த மனிதர். அவர் என்னை அண்ணாந்து பார்க்க ஒரு விஷயம் கிடைக்காதா என்று ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். அன்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம், டாக்டர் சொன்னாராம்.

நாங்கள் கார்பார்க் பின்னால் இருக்கும் சரிவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். சரிவு முழுக்க மஞ்சள் பூ.

"ஈரலா? சம்பந்தி, மருந்து மேலயே நிக்கிறீங்க! மஞ்சள் கரிசலாங்கண்ணி. தேக்காவுல வர்றது வெள்ளப் பூ. இது கிடைக்காது. தங்கம்!" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "கரிசலாங்கண்ணி இலையக் கசக்கினா கை கறுக்கும்பாங்களே?"

கசக்கினேன். பச்சையாகத்தான் இருந்தது. தர்ஷினி என் உள்ளங்கையைப் பார்த்து, "அங்கிள், கறுக்கலையே?" என்றாள்.

"இங்க வெயில் பத்தாது மா. மெதுவாத்தான் கறுக்கும்."

சாமிநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எதுக்கும் உங்க போன்ல ஒரு தடவ பாத்துடுங்களேன். கதிர் போட்டுக் கொடுத்திருக்கான்ல."

படம் எடுத்தேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பச்சை டிக்கோடு வந்தது. "பாத்தீங்களா!" என்றேன். ஒரு கைப்பிடி பறித்து வந்து, நன்றாகக் கழுவி, மிக்சியில் மோர் விட்டு அடித்து அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்து, நானும் ஒரு டம்ளர் குடித்தேன். சாயங்காலம் எனக்கும் வயிறு புரட்டியது. அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு உதடு தடித்து, வாந்தி நிற்காமல், மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இலையா, இலையின் மேல் அடித்திருந்த களைமருந்தா, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஏற்கெனவே சோர்ந்திருந்த ஈரல், மூன்று நாள் படுக்க வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் காரிடாரில் தர்ஷினியின் அம்மா யாரையும் திட்டவில்லை. "என்னங்க இது?" என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில்தான் இந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது. "நான் என்ன செய்ய? கதிர் கொடுத்த ஆப்தான் அப்படிச் சொல்லுச்சு" என்றேன். நீ என் பக்கத்தில் நின்றிருந்தாய். திரும்பி என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் நின்று, "சாரி அங்கிள். என் தப்பு. நான்தான் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன்" என்றாய். அவர் கையில் ஏற்றிய சலைன் ஊசியோடு, "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பின் ஒரு வாரம் நீ செய்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போகும் முன் சரிவுக்குப் போவாய். அதே செடியைக் குனிந்து எடுப்பாய், மேலிருந்து எடுப்பாய், மழையில் எடுப்பாய், பூவை விட்டு இலையை மட்டும் எடுப்பாய். உன் வேலையே அதுதானே, மென்பொருளில் எங்கே கோளாறு என்று தேடுவது. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாய்.

"அப்பா, நாப்பது தடவ எடுத்துட்டேன். ஒரு தடவகூட கரிசலாங்கண்ணின்னு வரல. அன்னைக்கு நீங்க எடுத்த படம் இருக்கா?"

"அழிச்சிட்டேன்."

"தமிழ்லயா பேர் வந்துச்சு?"

"அப்படித்தான் ஞாபகம்."

உன் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எம்ஆர்டி ரயில் போர்டெல்லாம் எனக்கு முன்னாடி படிச்சிடுவீங்க. இது மட்டும் அப்படித்தான் ஞாபகமா?" என்றாள். நான் ரசத்தில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டேன். உப்பு இருந்தது. நீ, "வெளிச்சம் சரியில்லாம இருந்திருக்கும் பா. சில நேரம் தப்பாத்தான் சொல்லும்" என்றாய். நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினேன்.

நான் அந்த இலையை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். செல்வி பார்த்த உடனே சிரித்தாள். "அண்ணே, இது ரோட்டோரத்துல அழகுக்கு வைக்கிற கொடி லா. பூ ஒண்ணுதான் அது மாதிரி. இலையப் பாருங்க, மூணா பிரிஞ்சு பளபளன்னு. இத யாராச்சும் திம்பாங்களா?" அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் ஏறி அவளிடம் வந்திருந்தால் போதும். ஆனால் தேக்காவில் வாங்கினால் அது செல்வியின் கரிசலாங்கண்ணி. சரிவில் பறித்தால் என்னுடையது. திரும்பி வரும்போது காப்பிக்கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் போன்கள் எப்படி ஆளைக் கொல்லும் என்று மேசைக்கு மேசை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

சாமிநாதன் தேறி வீடு திரும்பினார். அதோடு முடிந்திருக்கும். மூன்றாவது வாரம் தர்ஷினி நம் வீட்டுக்கு வந்தாள். நான் வெளியே தாழ்வாரத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் அறை ஜன்னல் திறந்திருந்ததை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

"நான் பக்கத்துலதான் நின்னேன் கதிர். அங்கிள் போனை எங்க யார்கிட்டயும் காட்டல. பாத்தாரு, டக்குன்னு பாக்கெட்ல போட்டாரு. ஹி இஸ் லையிங்."

"வாட்? என்ன பேசற நீ?"

"உனக்கே தெரியும். நாப்பது தடவ டெஸ்ட் பண்ணியிருக்க!"

நீ சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "எங்கப்பா கதை அளப்பாரு. ஓவரா அளப்பாரு. ஊருக்கே தெரியும். ஆனா ஒருத்தர் உடம்பு விஷயத்துல பொய் சொல்ல மாட்டாரு. அத மட்டும் சொல்லாத."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

நான் உன் பதிலுக்காகக் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் ஜன்னல். "அந்தப் பொண்ணு சொல்றது" என்று தொடங்கியிருந்தால் போதும். அவள் வெளியே வந்தாள். அழுத முகத்தோடும் என்னைப் பார்த்து, "வரேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போனாள். வளர்ப்பு அப்படி. நான் "சரிம்மா" என்றேன். தொட்டியில் தண்ணீர் நிரம்பி என் காலில் வழிந்துகொண்டிருந்தது. மறுவாரம் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் நீ சிட்னி வேலைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்தாய்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. ஆனால் நான் அப்பன், சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமையாவது அரிசிச் சோறு வை. உன்னோடு வாழப்போகும் பெண் தன் கண்ணால் பார்த்ததை உன்னிடம் சொன்னால், அது உன் அப்பனைப் பற்றியே இருந்தாலும், முழுதாகக் கேட்டுவிட்டு அதன்பின் கோபப்படு. உன் விசுவாசம் பெரிய குணம், அதை விட்டுவிடாதே. அதை எங்கே வைக்கிறாய் என்று மட்டும் பார். அளப்பதற்கும் பொய்க்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாகவும், உன் அப்பன் அதைத் தாண்ட மாட்டான் என்றும் நீ நம்பினாய். எனக்காக அந்தக் கோட்டை நீதான் போட்டாய். நான் அந்தப் பக்கம் எப்போது போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சரிவில் நின்றபோது அது அளப்புத்தான் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பொய்யாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே குவளையோடு நின்றபோது அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை காத்தோங்குக்குப் போய் வந்தேன். சாமிநாதன் கதவைத் திறந்து, உட்காரச் சொன்னார். மேசையில் மருந்து டப்பா, பக்கத்தில் கண்ணாடி. அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "தர்ஷினிகிட்ட நான் சொல்லக் கூடாது. கதிர்தான் சொல்லணும்" என்றார். அதனால் பெட்டியை மூடுமுன் இதைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போ. வேறு எதுவும் நீ பேச வேண்டாம், கடைசி வரியைக் காட்டு.

அன்று போனில் கரிசலாங்கண்ணி என்று வரவில்லை. பச்சை டிக்கும் வரவில்லை. "சிங்கப்பூர் டெய்சி" என்று ஆங்கிலத்தில் வந்தது, நான் அதை எழுத்து எழுத்தாகப் படித்தேன், சம்பந்தி "என்ன சொல்லுது?" என்று கேட்டார், போனைச் சட்டைப் பைக்குள் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு "நான் சொன்னதத்தான் சொல்லுது" என்றேன்.

உன் அப்பா